நரசிம்மலு காய்ச்சிய ஷாம்பு

கோயம்புத்தூருக்குக் கிழக்கே ஒரு மில்லில், துணியை வெளுக்கும் பகுதிக்கு மேஸ்திரியாக இருந்தவர் நரசிம்மலு. துணியைப் பற்றி அவருக்குத் திடமான அபிப்பிராயங்கள் உண்டு. மற்ற எல்லா விஷயத்துக்கும் மனைவி ராமாமணியின் அபிப்பிராயமே போதும் என்று இருந்தார்.

ராமாமணிக்கு முழங்காலைத் தொடும் முடி. வெள்ளிக்கிழமை சீயக்காய்த் தூளைப் பிசையும்போதே தும்மல் ஆரம்பிக்கும். பொழுது சாய்ந்த பிறகும் மிச்சம் மீதி இருக்கும். 1961-இல் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு தும்மலுக்கு நடுவே அவள் கேட்டாள்:

"ஏனுங்க, மில்லுல அத்தன துணியத் தொவைக்கறீங்க. அங்க யாராச்சும் தும்மறாங்களா?"

அவள் கேலியாகத்தான் கேட்டாள். நரசிம்மலு யோசித்துப் பார்த்து, "இல்லீங்க அம்மிணி, யாரும் தும்மறதில்ல" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் அடுப்பு மூட்டினார்.

தேங்காய் எண்ணெயில் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலை விட்டுக் கிண்டி, பாகு பதத்துக்கு இறக்கி, தண்ணீர் ஊற்றி இளக்கிச் சீசாவில் அடைத்தார். அது திரவமான சவுக்காரம்தான். ஆனாலும் ஷாம்பு என்றே பெயர் வைத்தார். அவர்களுடைய உப்பிலிபாளையத்து வீட்டில் குழாயைத் திறந்தால் உப்பே இல்லாத சிறுவாணித் தண்ணீர். நுரை குளியலறைக் கதவுக்கு அடியில் வெளியே வந்தது. ராமாமணி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "தும்மல் வரலீங்க" என்றாள். அந்த வீட்டில் அது பெரிய பாராட்டு.

ஆசைப்பட்டு ஒரு சீசாவை வாங்கிப் போனாள் ராமாமணியின் தங்கை பங்காரம்மா. அவளை அவிநாசியில் கட்டிக் கொடுத்திருந்தது. மறுவாரமே தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி அக்கா புருஷனைத் தேடி வந்துவிட்டாள்.

"பாவா, என்னத்தக் குடுத்துப்போட்டீங்க? கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

துண்டை அவிழ்த்தாள். முடி மெழுகு தடவினாற்போல் திரிதிரியாக ஒட்டிக் கிடந்தது. நரசிம்மலு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கொத்து முடியை விரலிடையில் வைத்து, துணியைத் தேய்த்துப் பார்ப்பதுபோல் தேய்த்துப் பார்த்தார்.

"எந்தத் தண்ணீல வாத்தே?"

"ஊட்டுக் கெணத்துத் தண்ணிதான். சப்பத் தண்ணி."

அவருக்கு நிம்மதியாக இருந்தது. இது அவருக்குத் தெரிந்த கோளாறு. உப்பும் சுண்ணாம்பும் ஏறிய கிணற்றுத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது. திரிந்து பிசுக்காகித் துணியில் அப்பிக்கொள்ளும். மில்லிலும் கோடையில் இதே கதைதான். பங்காரம்மாவின் தலையை எலுமிச்சம்பழச் சாறு கலந்த தண்ணீரில் அலசச் சொல்லிவிட்டு, அவிநாசித் தண்ணீர் ஒரு தூக்குப்போசி நிறைய அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்.

"தலைக்கு என்ன பண்றதுன்னு கேட்டா தண்ணியக் கேக்கறாரு" என்று அவள் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஆனாலும் தண்ணீர் வந்தது.

மில்லில் இந்தக் கோளாறுக்கு டர்க்கி ரெட் ஆயில் என்று ஒன்று ஊற்றுவார்கள். அதில் சிவப்பும் இல்லை, துருக்கியும் இல்லை. விளக்கெண்ணெயைக் கந்தக அமிலத்தில் பக்குவப்படுத்தியது, அவ்வளவுதான். சப்பத் தண்ணீரில் சவுக்காரம் திரிந்தாலும் கட்டி சேரவிடாமல் கலைத்துவிடும். பீப்பாயின் அடியில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி வந்து, சவுக்காரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அவிநாசித் தண்ணீரில் டம்ளர் டம்ளராகக் கலக்கிப் பார்த்தார். ஒரு டம்ளரில் தண்ணீர் கலங்கியது, ஆனால் திரியவில்லை. அந்த அளவையே வைத்துக்கொண்டார். பங்காரம்மாவின் முடி பிழைத்தது. லேசாக விளக்கெண்ணெய் வாசம் வந்ததை அவள் பொருட்படுத்தவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வெளுத்த துணி மெத்தென்று ஆவதற்குக் கடைசி அலசலில் மில்லில் ஒரு மருந்து ஊற்றுவார்கள். துணி மெத்தென்று ஆகும்போது முடி ஆகாதா என்று நரசிம்மலுவுக்குத் தோன்றிவிட்டது. அதையும் வாங்கி வந்து ஷாம்பு சீசாவில் ஊற்றிக் குலுக்கினார். உள்ளே தயிர் மாதிரி உறைந்தது.

மில்லின் ரசாயனக்காரர் ஈஸ்வரமூர்த்தியிடம் சீசாவைக் கொண்டுபோய்க் காட்டினார். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சவுக்காரம், டர்க்கி ரெட் ரெண்டும் நெகடிவ் சார்ஜுங்க. இந்த மருந்து பாசிடிவ். ஒண்ணா உட்டா ஒண்ணையொண்ணு கட்டிப் புடிச்சுட்டு இப்படித்தான் ஒறஞ்சு போகும். அப்புறம் நுரையும் இல்ல, மெதுப்பும் இல்ல."

"சேத்து வெக்க வழியே இல்லீங்களா?"

"இந்த ரெண்டையுமுங்களா? இல்லீங்க."

அன்று சாப்பிடும்போது நரசிம்மலு இதைச் சோகமாகவே சொன்னார். ராமாமணி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"உங்கம்மாவும் பெரியம்மாவும் ஒரே அடுப்புல ஆக்குன வரைக்கும் மொகம் குடுத்துப் பேசல. அடுப்பப் பிரிச்ச மக்யாநாளே ரெண்டு பேரும் ஒண்ணா சந்தைக்குப் போனாங்க. தனித்தனிச் சீசாவுல வெய்யுங்க."

அப்படியே ஆயிற்று. முதல் சீசாவில் தேய்த்து நன்றாக அலசிவிட வேண்டியது. பிறகு இரண்டாவதில் கொஞ்சம் தண்ணீரில் கலந்து தலையில் விட வேண்டியது. ராமாமணியின் முடி அவர் வெளுத்த எந்தத் துணியையும் விட வழவழப்பாக இருந்தது. போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுப் பார்த்து, "ஃபினிஷிங் நல்லா வந்திருக்குது" என்றார். ராமாமணிக்கு அது எந்த வகைப் பாராட்டு என்று புரியவில்லை.

அடுத்த தை மாதம் பங்காரம்மாவின் மகளுக்கு அவிநாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தொண்டாமுத்தூர். கல்யாணமாயிற்றே என்று அக்காவும் தங்கையும் இரண்டாவது சீசாவைத் தாராளமாகவே ஊற்றிக்கொண்டார்கள்.

முகூர்த்தத்துக்கு முன்னாலேயே ராமாமணியின் கொண்டை அவிழ்ந்தது. மறுபடி போட்டாள், வழுக்கிக்கொண்டு இறங்கியது. கொண்டை ஊசிகள் ஒவ்வொன்றாகப் பாயில் விழுந்தன. பங்காரம்மாவின் தலையில் வைத்த மல்லிகைச் சரம் நடக்க நடக்க நழுவி முதுகு வழியே தரைக்கு வந்தது. வேறு வழியில்லாமல் இருவரும் ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். தாலி கட்டும்போதும் பிடித்திருந்தார்கள். போட்டோக்காரர் படம் எடுத்தபோதும் பிடித்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் தாயார் வெங்கடம்மாள் இதைக் காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தி முடிந்ததும் நேராக வந்து நின்றார்.

"ஏனுங்க சம்பந்தி, நல்ல நாளும் அதுவுமா அக்காளும் தங்கச்சியும் தலைல கைய வெச்சுட்டே நிக்கறீங்க? எங்க ஊட்டுக்குப் பொண்ணுக் குடுத்தது அவ்வளவு துக்கமுங்களா?"

பங்காரம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா நரசிம்மலுவைப் பார்த்தாள். பெண்ணின் வாழ்க்கை தன் சீசாவில் தொங்குகிறது என்பது அவருக்குப் புரிந்தது.

"துக்கமெல்லாம் இல்லீங்க" என்றார். "பாசிடிவ் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சுங்க."

வெங்கடம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இதற்குள் ராமாமணி ஒரு முடிவுக்கு வந்து, தலையிலிருந்து கையை எடுத்தாள். கொண்டை ஒரு கணம் நின்று, பிறகு மொத்தமாகச் சரிந்து முழங்கால் வரை விழுந்தது. அதில் ஒரு சிக்குக்கூட இல்லை.

வெங்கடம்மாள் ஒரு கற்றையை எடுத்துப் பார்த்தார். அவருடையது சுருட்டை முடி. சீப்புப் பற்கள் உடைந்து போவதாக வீட்டிலே பேச்சு.

"என்ற தலைல இது செல்லுமுங்களா?"

"அளவாப் போட்டாச் செல்லுமுங்க" என்றார் நரசிம்மலு.

மறுநாள் காலை அவரே ஒரு மூடி அளவு மட்டும் சொம்புத் தண்ணீரில் கலந்து உள்ளே அனுப்பினார். வெங்கடம்மாள் வாசல் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஈரத் தலையில் உச்சியில் சீப்பை வைத்தார். அது எங்கும் நிற்காமல் நுனிக்கு வந்துவிட்டது. சீப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் சீவினார். "சரி" என்றார். அன்றே மருமகளை அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். மனத்தாங்கல் என்று எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு மாதா மாதம் தொண்டாமுத்தூர் பஸ்ஸில் இரண்டு சீசா போய்க்கொண்டிருந்தது. ராமாமணி கல்யாண வீடுகளுக்குப் போகும் நாட்களில் முதல் சீசாவோடு நிறுத்திக்கொள்வாள். நரசிம்மலு விளக்கெண்ணெய் வாசத்தைப் போக்குகிறேன் என்று அடுத்ததாகச் சந்தன எண்ணெய் சேர்த்துப் பார்த்தார். அது கலக்காமல் மேலே மிதந்தது. மில் சங்கு ஊதும் வரை சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.