பாயில் கிடந்த வெள்ளைத் துணி

அந்தப் படத்தில் என் கணவர் ஒரே பார்வையில் கண்டதை, அதை எடுத்த நான் ஏன் காணவில்லை? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

எங்கள் மகன் பிறந்தபோது அவர் சவூதியில் இருந்தார். ஒப்பந்தம் முடியாமல் வர முடியாது. பிள்ளையின் முகத்தைப் படத்திலாவது பார்க்க வேண்டும் என்று, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஜப்பான் கெமரா ஒன்றைக் கொடுத்தனுப்பினார். எனக்கோ எதையும் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். கல்முனை நூலகத்தில் ஜப்பானியப் படக்கலை பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. படம் முழுவதையும் நிரப்பாமல் வெறுமையை விட்டுவைக்க வேண்டுமாம். அந்த வெறுமைக்கு அவர்களிடம் தனிப் பெயரே இருந்தது. தேய்ந்ததிலும் கறைபட்டதிலும் அழகு உண்டு, கடந்து போவதால்தான் ஒன்று அழகாகிறது என்றும் இருந்தது.

படித்தபின் என் கண் மாறிப்போனது. உப்புக்காற்று அரித்த ஜன்னல் கம்பிக்கு முன்னால்கூட நின்றுவிடுவேன். "சோறு கரியுது, நீ கம்பியப் பாத்துக்கு நிக்காய்" என்பார் உம்மா.

ஒரு காலை உம்மா மகனைக் குளிப்பாட்டத் தூக்கிப் போனார். அவனைக் கிடத்தியிருந்த வெள்ளைத் துணி பன்பாயில் அப்படியே கிடந்தது. நடுவில் அவன் உடம்பளவுக்கு ஒரு பள்ளம். ஜன்னல் வெளிச்சம் அதில் மட்டும் விழுந்தது. பிள்ளை அங்கே இல்லை. ஆனாலும் அங்கே அவன்தான் இருந்தான். எடுத்தேன்.

படச்சுருளைக் கழுவிப் பார்த்தால், முகம் தெரிய எடுத்தவை எல்லாம் அவன் ஆட்டத்தில் கலங்கியிருந்தன. தெளிவாக வந்தது அது ஒன்றுதான். சம்மாந்துறையிலிருந்து சவூதி போகும் ஒருவர் அன்றே புறப்படுவதாகத் தெரிந்ததும், கடிதம் எழுத நேரமில்லாமல் அந்தப் படத்தை மட்டும் உறையில் வைத்துக் கொடுத்தேன். "எல்லாரும் சுகம் எண்டு சொல்லுங்க" என்றேன்.

பதில், அவர் பேசிப் பதிந்த கெசட்டில் வந்தது. கெசட் வந்தால் மாமியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்துவிடுவார்கள், சேர்ந்துதான் கேட்போம். ஸலாம் சொன்னார். பிறகு நாடா சுற்றும் சத்தம் மட்டும். பிறகு அழுகை. அவர் அழுது நான் கேட்டதேயில்லை.

"புள்ள மௌத்தாகிட்டா? வெள்ளத் துணிய மட்டும் அனுப்பி இரிக்கீங்க. வந்த ஆளும் சுகம் சுகம் எண்டு என்ட முகத்தப் பாக்காம சொல்றாரு. அல்லாவுக்காக என்னட்ட மறைக்காதீங்க."

வெளிநாட்டில் இருப்பவருக்கு வீட்டு மரணத்தை மறைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வந்து முகம் பார்க்க முடியாதவர் அங்கே தனியாகத் துடிக்கக் கூடாது என்றுதான். பாயில் வெள்ளைத் துணி என்றால் எங்களுக்குக் கபன், இறந்தவரைச் சுற்றும் துணி. ஊரில் எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். கடந்து போவது அழகு என்று படித்தேனே, யார் கடந்து போவது என்று கேட்டேனா?

மாமியின் மடியில் என் மகன் கெசட் பெட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இது ஆருகா, ஜின்னு புள்ளையா?" என்றார் பக்கத்து வீட்டு மச்சி. ஒருவரும் சிரிக்கவில்லை.

"ரெண்டு கண்ணும் மூக்கும் தெரிய ஒரு படம் எடுக்க ஒனக்கு என்னகா கஷ்டம்?" என்றார் மாமி. "படிச்ச புள்ள எண்டுதானே கேட்டு வந்த நாங்க!"

தபால் கந்தோருக்கு ஓடித் தந்தி அடித்தோம். மகனின் சிரிப்பைக் கெசட்டில் பிடித்தோம். ஸ்டூடியோவில் அவன் கண்ணுக்குச் சுறுமா மை போட்டு நேராக உட்காரவைத்துப் படம் எடுத்தோம். அடுத்த கெசட்டில் அவர் சிரித்தார். கடைசியில் குரல் தாழ்ந்தது. "அந்தப் படத்த நான் கிழிச்சிட்டன். நெகட்டிவ நீ எரிச்சிடு. நினச்சாலே நெஞ்சு பதறுது."

அவர் சொல்லை நான் தட்டியதில்லை. ஆனால் அதை இன்னும் எரிக்கவில்லை, அலுமாரியில் வைத்திருக்கிறேன். மகனுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது, எரித்துவிடலாம் என்று உடனே அலுமாரியைத் திறக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பள்ளத்தில் என் பிள்ளையின் சூடு தெரிகிறது, மறுபடி மூடிவைக்கிறேன். புத்தகமோ மாமியோ சொல்லாமல் நானாகக் கண்டது அது ஒன்றுதான்.

அவர் ஊருக்கு வரும் நாள் நெருங்குகிறது. வந்ததும் கேட்பார். வாசிக்கும் தாய்மாரே, எரித்துவிடவா, அவரிடமே காட்டி நான் கண்டதைச் சொல்லிப் பார்க்கவா? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?