வெங்காயப் பாத்தியில் ஈயம்

பண்டத்தரிப்பு நமசிவாயம் சீமெந்து ஆலையில் பதினெட்டு வருடம் லேத் வேலை செய்தவன். தொண்ணூறில் போரால் ஆலை நின்றது. பிறகு மூன்று பரப்பு நிலத்து வெங்காயமும் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு பம்பும்தான் அவனையும் மனைவி சிவக்கொழுந்தையும் காப்பாற்றின.

இப்போது பம்பின் எண்ணெய்த் தாங்கி உட்புறப் பொருத்தில் வெடித்து ஒழுகியது. வெங்காயம் தண்ணீர் கண்டு ஐந்து நாள்.

"துலாவைத் தறிக்காதேங்கோ எண்டு அப்பவே சொன்னனான்" என்றாள் சிவக்கொழுந்து. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் அந்த மரத்தைப் பம்பு வாங்கிய வருடமே அவன் விறகாக்கியிருந்தான்.

தாங்கியின் குறுகிய வாய்க்குள் பற்றவைக்கும் கோல் நுழையாது. ஈயத்தைத் தூளாக்கி, குங்கிலியத்தில் குழைத்து உள்ளே பூசி, வெளியிலிருந்து சூடு காட்டினால் பிடிக்கும். அரத்தில் ராவினால் ஈயம் தூளாகாமல் அதன் பற்களில் அப்பிக்கொண்டது. பொருளாதாரத் தடையில் கடைகளில் ஈயமில்லை. செத்த வானொலிகளில் சுரண்டிய ஓர் உருண்டைதான் இருந்தது.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லிலிருந்து கயிறு போட்டு, ஒரு சிறு இரும்புத் தட்டைச் சுழல வைத்தான். அவள் மிதியைக் கையால் சுற்றினாள். தட்டின் நடுவில் அவன் உருகிய ஈயத்தை ஊற்றினான். அது விளிம்பில் நூலாகக் கிளம்பி, நூல் அறுந்து துளியானது.

ஒரு துளியும் வீணாகக் கூடாதென்று சுற்றிவரத் தகரம் நெருக்கி வைத்திருந்தான். துளிகள் இறுகுமுன் தகரத்தில் மோதி மீன்செதில்களாக ஒட்டின.

"பறக்க இடம் வேணும். காத்திலைதான் அது ஆறும்" என்றான்.

தகரத்தை எடுத்துவிட்டு, அகதிகளுக்குக் கொடுத்த நீலப் பிளாஸ்டிக் படங்கை முற்றத்தில் விரித்தான். செதில்களை உருக்கி மறுபடி ஊற்றினான்.

"இன்னும் வேகமாச் சுத்து!"

"கை கழண்டு விழப் போகுது. நீங்கள் ஒருக்காச் சுத்திப் பாருங்கோவன்!"

சில்லு இரைந்தது. தட்டிலிருந்து சாம்பல்நிறப் புகைபோல ஒன்று கிளம்பியது. மாவு மாதிரித் தூள். அவன் சிரித்தான். அப்போது சோளகக் காற்று ஒருமுறை வீசித் தூளைத் தோட்டத்துப் பக்கம் அள்ளிப்போனது.

படங்கில் கடுகளவு ஈய மணிகள்தான் மிஞ்சின. குழைத்தால் அவை உருண்டோடின. திரும்ப உருக்கியபோது பாதிக்கு மேல் கசடாக மிதந்தது.

வாடிய வெங்காயத் தாள்களில் தூள் மினுங்கியது. அவன் குந்தி, விரலால் அதை வழித்தெடுக்கப் பார்த்தான்.

"அதை விடுங்கோ" என்றாள் சிவக்கொழுந்து. "கிணத்து வாளிக் கயித்தைப் பிடியுங்கோ."

வாளியால் இறைத்தார்கள். வெயில் சாயும்போது மூன்றாவது பாத்தி நனைந்திருந்தது. இன்னும் இருபத்தேழு இருந்தன.