உள்ளே வராதவள்

செண்பகத்துக்கும் அந்தக் கண்ணாடிக் கதவுக்கும் முதல் நாளிலிருந்தே ஆகவில்லை. தி.நகரில் அந்த ஆறு மாடி அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிற நான்கு பெண்களுக்கும் ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தார்கள். முதல் நாள் இவள் தேய்த்தபோது கதவு வீலென்று கத்தியது. சுப்பம்மா தேய்த்ததும் திறந்துகொண்டது. சுப்பம்மாவுக்குத்தான் கைராசி என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அதிலிருந்து காலையில் அவள் ஒருத்தி தேய்ப்பாள், மற்ற மூவரும் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு நுழைந்துவிடுவார்கள். மாலையில் அவரவர் அட்டையைத் தேய்த்து வெளியே போவார்கள், கதவும் மறுப்புச் சொல்லாது.

செண்பகத்தின் புருஷன் போன இடம் தெரியாது. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய குடிசைக்குள் ஐந்து வயதுக் கயலை வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். பெற்ற பிள்ளையைப் பூட்டி வைக்கிறாளே பாவி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்தால் அவர்களா வந்து பார்த்துக்கொள்வார்கள்? சாவி எப்போதும் இவள் இடுப்பில்தான் இருக்கும்.

அது ஐப்பசி மாதம், இரண்டு நாளாக விடாத மழை. வாசல் காவலாளி நூர் முஹம்மதின் டிரான்சிஸ்டரில் மதியச் செய்தி ஓடியது. கூவம் கரை மீறிவிட்டது, குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்றார்கள். செண்பகம் துடைப்பத்தைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு ஓடிவந்து அட்டையைத் தேய்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி தேய்த்தாள், மறுபடியும் சிவப்புதான்.

முந்தின நாள் மாலைதான் கம்ப்யூட்டரில் புதிய வசதிகளைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே வந்ததாகப் பதிவு இல்லாத அட்டைக்கு இனி வெளியே போகவும் வழி கிடையாது. ஒருவர் அட்டையில் இன்னொருவர் போனால் அட்டைக்காரருக்கு வேலை போய்விடும். காவலாளியிடம் இருந்த சாவியையும் பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள். அறிவிப்பை ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொண்டார்கள்.

நிர்வாக அதிகாரி ராஜகோபாலன் திரையைப் பார்த்தார். "நீ இன்னிக்கு உள்ளயே வரலைன்னு காட்டுதேம்மா."

"இன்னா சார் சொல்ற? உன் கண்ணெதிர்லதான நிக்கிறேன்! வூட்டுக்குள்ள கொயந்த கீது சார். பூட்டிக்கினு வந்துட்டேன் சார்!"

"எனக்குப் புரியுதும்மா. இதை மாத்துற அதிகாரம் என்கிட்ட இல்ல. அடையாறுலேர்ந்து கம்பெனி ஆள் வரணும். போன் பண்ணியிருக்கேன்."

கெட்ட மனுஷர் இல்லை. தன் வேலைக்குப் பயந்த மனுஷர், அவ்வளவுதான். வெளியே போக வந்த இரண்டு பேர் அவள் கதறலைப் பார்த்துவிட்டு, அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடிக்கே திரும்பினார்கள். செண்பகம் கண்ணாடியை இரு கையாலும் அறைந்தாள். அதற்கென்ன, அசையவில்லை. தண்ணீர் இப்போது பிள்ளைக்கு எதுவரை வந்திருக்கும்?

சத்தம் கேட்டு சுப்பம்மா இறங்கி வந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், படுத்த படுக்கையாய்ப் புருஷன். தன் அட்டையைத் தேய்த்தாள். பச்சை எரிந்தது. செண்பகத்தின் முதுகில் கைவைத்து வெளியே தள்ளிவிட்டு, தான் உள்ளேயே நின்றுவிட்டாள்.

பஸ் ஓடவில்லை. செண்பகம் மழையில் ஓட்டமாய் ஓடினாள். பூட்டைத் திறந்தபோது கயல் தகரப் பெட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் அதன் முழங்காலைத் தொட்டிருந்தது. கத்திக் கத்திக் குரலே போயிருந்தது.

மறுநாள் பிள்ளையை மேட்டுத் தெருவில் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். கதவுக்கு வெளியே, மழையில், சுப்பம்மா நின்றிருந்தாள். அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்களாம். செண்பகத்தின் பதிவை மட்டும் ராஜகோபாலன் சொல்லித் திருத்த வைத்திருந்தார்.

செண்பகம் தேய்த்தாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது. அவளுக்குக் கால் எழவில்லை. திரும்பிப் போனால் நாளைக்குக் கயலுக்குச் சோறில்லை. உள்ளே போனால் சுப்பம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

"இன்னாடி மரமாட்டம் நிக்கிற? கதவு சாத்திக்கும், போ," என்றாள் சுப்பம்மா. அப்புறம் கேட்டாள்: "கயலு எதுனா துன்னுச்சா?"

செண்பகம் தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்டிவிட்டு, உள்ளே போனாள்.