நைனா கைதட்டிய இடம்

நைனாவுக்குப் பெரிய பெண்ணைத்தான் பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். அதற்குச் சான்றும் இருந்தது. அக்கா ஒருமுறை கூப்பிட்டால் நைனா திரும்பிப் பார்ப்பார். நான் நான்கு முறை கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். அக்காவுக்குக் கனத்த குரல், எனக்குக் கீச்சுக்குரல். சின்னவளுக்குச் செல்லம் கொடுக்கக் கூடாதென்று அப்படி இருக்கிறார் என அம்மா எனக்குச் சமாதானம் சொல்லுவாள்.

நைனா சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் தகடு வெட்டும் பட்டறையில் வேலை செய்தார். திருவொற்றியூரில் எங்கள் தெருவாசிகள் பலருக்கும் அங்கேதான் பிழைப்பு. எல்லோருமே உரக்கப் பேசுகிறவர்கள். நைனாவின் உரத்த பேச்சு அதனால் யாருக்கும் தனியாகத் தெரிந்ததில்லை.

நான் ஆறாம் வகுப்பிலும் அக்கா எட்டாம் வகுப்பிலும் இருந்தபோது, பள்ளியில் பாட்டு டீச்சர் எங்களுக்குப் புல்லாங்குழலில் ஒரு பயிற்சி கொடுத்தார். அக்கா நீளக் குழலில் ஸ, ப, ம, ப என்ற நான்கு ஸ்வரங்களை மாற்றாமல் சுற்றிச் சுற்றி வாசிக்க வேண்டும். நான் சின்னக் குழலில் அதன்மேல் எனக்குத் தோன்றியதை வாசிக்கலாம். எங்கே அலைந்தாலும், அவளுடைய ஸ திரும்பி வரும்போது அதனோடு ஒத்துப்போகும் ஓர் இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். முதல் வாரம் மூன்று ஸ்வரங்களுக்குமேல் போகத் துணியவில்லை. பிறகு பயம் விட்டுப்போயிற்று. நேற்று வாசித்ததை இன்று வாசிக்கக் கூடாதென்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன்.

மாலையில் வேலை முடிந்து வந்ததும் நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எங்களை வாசிக்கச் சொல்லுவார். அவர் விரல்கள் அக்காவின் நான்கு ஸ்வரங்களுக்குத் தரையில் தட்டிக்கொண்டிருக்கும். கண்கள் மட்டும் என் விரல்களின்மேல் இருக்கும். நகம் வெட்டாததைத்தான் பார்க்கிறார் என்று எண்ணி, வாசித்து முடித்ததும் கைகளைப் பாவாடைக்குள் மறைத்துக்கொள்வேன்.

ஒருநாள் கேட்டே விட்டேன், நான் வாசித்தது எப்படி இருந்தது என்று. அக்கா அதை அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஷோக்கா கீதும்மா," என்றார் நைனா. "சுத்திச் சுத்தி வருது பாரு, அதான் ஷோக்கு."

சுற்றிச் சுற்றி வந்தது அக்காவுடையது. என்னுடையது ஒருபோதும் சுற்றிவரவில்லை.

ஆண்டு விழாவில் நாங்கள் இருவரும் வாசிப்பதாக முடிவானது. நடுவில் நான்கு சுற்றுகளுக்கு அக்கா நிறுத்த வேண்டும், நான் தனியாக வாசிப்பேன் என்றேன். நைனாவுக்கு என்னைக் கேட்பதைத் தவிர வேறு வழி இருக்கக் கூடாது என்பது என் கணக்கு.

"வேணான்டி," என்றாள் அக்கா. "நான் நிறுத்திட்டேன்னா நைனாவுக்கு ஒண்ணும் தெரியாது."

அதைக் கர்வம் என்று எடுத்துக்கொண்டேன். மேடையேறவே மாட்டேன் என்று மிரட்டியதும் அவள் ஒத்துக்கொண்டாள்.

விழாவன்று நைனா வேலைச் சட்டையோடு நேராக வந்ததால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா குழலை இறக்கினாள். நான் மேல் ஸ்தாயியில் ஏறினேன். அந்த வயதில் அதைவிட நன்றாக நான் வாசித்ததில்லை. கூடத்தில் பேச்சு அடங்கியது. இரண்டு சுற்று ஆகியிருக்கும். நைனா எழுந்து நின்று, காய்ப்பேறிய உள்ளங்கைகளால் பலமாகக் கைதட்டினார்.

"ரெண்டும் என் பொண்ணுங்கோ," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது மேடைவரை கேட்டது.

கூடம் சிரித்தது. என் மூச்சு உடைந்தது. அக்கா சட்டென்று குழலை எடுத்து அந்த நான்கு ஸ்வரங்களைத் தொடங்கினாள். நைனாவின் முகம் மாறியது, மெல்ல உட்கார்ந்தார். அவள் எனக்காகச் சுற்றிச் சுற்றிக் காத்திருந்தாள். நான் கடைசிவரை குழலை வாயருகே கொண்டுபோகவில்லை.

வீடு திரும்பும் வழியில், முன்னால் நடந்த நைனாவின் முதுகைப் பார்த்து, மகள் தகப்பனுக்குச் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன். அக்கா நின்று என்னைப் பார்த்தாள். நைனா திரும்பவில்லை. கேட்டும் கேட்காததுபோல் நடக்கிறார் என்று நினைத்தேன். அது என் கோபத்தை இன்னும் வளர்த்தது.

பல வருடங்கள் கழித்து, சந்தைத் தொழிலாளர்களுக்கு நடந்த செவிப் பரிசோதனை முகாமுக்கு அவரை அழைத்துப்போனேன். மருத்துவர் வரைந்த கோடு தாழ்ந்த ஒலிகளில் ஓரளவு நேராகச் சென்று, உயர்ந்த ஒலிகளில் படி தவறியதுபோல் கீழே விழுந்தது. இந்தத் தொழிலில் அப்படித்தான் தொடங்கும், இது மிகவும் பழையது என்றார். என் சின்னக் குழலும் என் குரலும் அந்தக் கோடு விழுந்த பக்கத்தில் இருந்தன. அத்தனை மாலைகளிலும் நைனா என் விரல்களிலிருந்துதான் என்னைக் கேட்க முயன்றிருக்கிறார். பதின்மூன்று வயது அக்காவுக்கு அது தெரிந்திருந்தது. அவள் எவரிடமும் சொல்லவில்லை. நைனாவுக்கு எட்டும் குரலில் பேசினாள், அவ்வளவுதான்.

நைனா போய்விட்டார், அம்மாவும். அக்காவும் நானும் இருக்கிறோம். அவள் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நீளக் குழலை நான் எடுத்துக்கொள்கிறேன்.