பெட்டிக்குள் இருந்த பட்டப்பெயர்

அன்று அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி, அவருடைய மருமகன், தேனியிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர், நான், கதவோரப் பெஞ்சில் தன் பணத்துக்காகக் காத்திருந்த சுருளிப்பட்டி அக்கா. ஆறாவது ஆள் கிடையாது. பின்னால் முதலாளி கேட்டபோதும் இப்படித்தான் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்.

எங்களுடையது கம்பத்தில் திராட்சை வாங்கி வெளியூருக்கு அனுப்பும் கம்பெனி. எந்தத் தோட்டக்காரருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் மூலையில் இருந்த ஒரு பழைய மெஷினுக்குள் இருந்தது. அதைத்தான் சர்வர் என்போம். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் பதினோரு வருடமாக அதில் கணக்கு அடித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்த விண்டோஸ் ரொம்பப் பழசு. புது டேட்டாபேஸ் அதில் ஓடாது என்றார்கள். மெஷினை மாற்ற முதலாளிக்கு மனமில்லை. அதையே துடைத்துவிட்டு உள்ளே எதைப் போடுவது என்று முடிவு செய்யத்தான் கூடியிருந்தோம்.

“விண்டோஸ் சர்வர்னா லைசென்ஸ் எடுக்கணும்ணே. லினக்ஸ்னா காசு கிடையாது, வைரஸ் தொந்தரவும் கம்மி,” என்றார் கம்ப்யூட்டர்காரர். “ஆனா மக்கர் பண்ணுச்சுன்னா இங்கன யாருக்கும் தெரியாது. நான்தான் தேனியிலேருந்து வரணும்.”

“மொதல்ல நீங்க போனை எடுக்கணுமே,” என்றார் மருமகன்.

முதலாளி சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஏப்பா, ஒக்காந்து அடிக்கிறவன் நீ. எது வேணும்னு நீயே சொல்லு.”

வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். விண்டோஸ் என்றால் அந்தச் செலவு என் வாயால் வந்த செலவாகிவிடும். லினக்ஸ் என்றால் கறுப்புத் திரையில் இங்கிலீஷில் கட்டளை அடிக்க வேண்டுமோ என்று பயம். இரண்டையும் விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சுருளிப்பட்டிப் பக்கம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சுருளி அருவியின் பெயரையே வைத்துவிடுவார்கள். பெயர், இனிஷியல், ஊர் மூன்றும் ஒன்றாக இருப்பவர்களைப் பட்டப்பெயரை வைத்துத்தான் பிரிப்போம். பெஞ்சில் இருந்த அக்கா ‘ஓடைக்கரை’. அதே பெயரில் இன்னொரு அம்மா ‘மச்சுவீடு’. மெஷினில் மற்றதெல்லாம் இங்கிலீஷ், பட்டப்பெயர் மட்டும் தமிழில் இருக்கும்.

“தமிழ் எழுத்து வருமாண்ணே?” என்று கேட்டேன்.

“சீனாக்காரன் எழுத்தே வருது, தமிழ் வராதா?” என்றார் கம்ப்யூட்டர்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

இனிமேல் அடிக்கப்போவதைக் கேட்கவில்லை, ஏற்கெனவே உள்ளே கிடப்பது வருமா என்றுதான் கேட்டேன். அதைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். படிக்காதவன் என்பது இன்னும் கொஞ்சம் வெளியே தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். “லினக்ஸே போட்ருங்க,” என்றேன்.

பெஞ்சிலிருந்து அக்கா கேட்டார்: “எந்தப் பெட்டியவும் மாத்திக்கங்க தம்பி. எம் பேரு அதுல இருக்குல்ல?”

“இருக்குக்கா.”

“திங்கக்கெழம கவாத்துக்கு ஆளு வர்றாக. கூலி குடுக்கலேன்னா அவுக அடுத்த தோட்டத்துக்குப் போயிருவாக.”

பழம் வெட்டிய கொடியை நாளோடு நறுக்கிவிட்டால்தான் அடுத்த காய்ப்பு. நாள் தவறினால் அந்தப் போகமே போய்விடும். “சனிக்கிழமைக்குள்ள பேங்க்ல ஏறிரும்க்கா, நான் பொறுப்பு,” என்றேன். அப்படிச் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை.

பழைய விண்டோஸில் தமிழ் என்று நாங்கள் அடித்தது உண்மையில் தமிழே இல்லையாம். ஏதோ குறிகள், ஒரு ஃபான்ட் அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை போட்டிருந்தது. புது டேட்டாபேஸுக்கு மாற்றும்போது அவ்வளவும் கேள்விக்குறியாகிவிட்டன. ஓடைக்கரையும் கேள்விக்குறி, மச்சுவீடும் கேள்விக்குறி. எல்லாம் ஒன்றாக இருந்ததால் டேட்டாபேஸ் இரண்டு பேரையும் ஒரே ஆளென்று சேர்த்து, மச்சுவீட்டு அம்மாவின் பேங்க் நம்பரை மட்டும் வைத்துக்கொண்டது. லினக்ஸைக் குறை சொல்ல முடியாது. மாற்றிய பட்டியலைத் திறந்து பார்க்காமல் பழையதைத் துடைத்தது நாங்கள்தான்.

வெள்ளிக்கிழமை பணம் அனுப்பும்போது கேள்விக்குறிகளைப் பார்த்தேன். ஒரு பெயருக்கு எதிரே தொகை பெரிதாக இருப்பதையும் பார்த்தேன். “இன்னுமா முடியல?” என்று முதலாளி பின்னால் நின்றார். அழுத்திவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அக்கா போன் செய்தார். “தம்பி, ஆளுக வந்து நிக்கிறாக. இன்னும் ஏறலையே.”

மச்சுவீட்டு அம்மாவைத் தேடி ஓடினேன். அந்தப் பேங்க் கணக்கில் பயிர்க் கடன் பாக்கி இருந்தது; ஏறிய பணம் முழுவதையும் கடனுக்கு எடுத்துக்கொண்டார்கள். “எங் கையில ஒத்த ரூவா வரலப்பா. நான் எங்கிட்டுப் போவேன்?” என்றார் அந்த அம்மா. பொய் சொல்கிற முகமில்லை.

முதலாளி கத்தவில்லை. “லினக்ஸுன்னு சொன்னது யாரு? பொறுப்புன்னு சொன்னது யாரு?” என்று மட்டும் கேட்டார். அக்காவுக்குச் சேர வேண்டியது நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூறு. தன் பங்காக ஐயாயிரம் கொடுத்தார். மீதியை என் சம்பளத்தில் மாதம் மூவாயிரமாகப் பிடித்துக் கொடுப்பதாகச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

கவாத்து ஆட்கள் அன்றே அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு மாதம் கழித்து பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன். சுற்றிலும் எல்லாப் பந்தலிலும் இளந்தளிர். அக்காவின் பந்தலில் மட்டும் பழுத்த இலை. அக்கா பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். இறங்கிப் பேச வேண்டும் என்று நினைத்தேன், தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒவ்வொரு மாதமும் பணம் வாங்க அவரே வருகிறார். அதே பெஞ்சில்தான் உட்காருகிறார். போன மாதம் திரையைக் காட்டி, “இப்ப எம் பேரு இருக்கா தம்பி?” என்றார். கேலியா, நிஜமாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. ‘ஓடைக்கரை’ என்று சரியான தமிழில் இப்போது இருக்கிறது. அடித்து முடித்து மூன்று தடவை திறந்து பார்த்தவன் நான்தான். பக்கத்துக் கட்டத்தில் நின்ற எண்ணை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு பெயரைக் காட்டினேன்.

ஐந்து மாதம் கட்டியாயிற்று. பாக்கி இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.