பத்தியம் முறித்த நாள்

நான் செய்த மடத்தனத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எழுபதுகளின் நடுவில் காரைக்குடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். முப்பத்திரண்டு வயதில் எனக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என் அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். நாட்டரசன்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். நாற்று நட்டு, மாடு கறந்து, ஒரு நாள் தலைவலி என்று படுத்தறியாதவள். ஒருவர் உடம்பிலிருந்து எடுத்து இன்னொருவருக்கு வைப்பதை ஊரில் பாதிப் பேர் நம்பாத காலம். "என் தம்பிக்குத்தானே" என்று சொல்லிவிட்டு ஆபரேஷன் மேஜையில் போய்ப் படுத்தாள். அவ்வளவுதான் அவள் யோசித்தது.

ஊருக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு வகை மாத்திரை கொடுத்தார். "ஆயுசு முழுக்கச் சாப்பிடணும். விட்டால் உங்க உடம்பே இந்தச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடும்" என்றார். பூம்பூம் மாடு தோற்றுப்போகும்படி தலையை ஆட்டினேன்.

ஆனால் எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், பத்தியத்தோடு சாப்பிட வேண்டும். முற்றிய நோய்க்கு இரண்டு மண்டலம். அப்புறம் எண்ணெய் தேய்த்துக் குளித்து, விலக்கி வைத்திருந்ததை ஆக்கித் தின்று பத்தியத்தை முறித்துவிட வேண்டும். அதற்கு மேலும் மருந்து தின்பது, போன நோயை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. டாக்டர் ஆயுசுக்கும் என்றது சும்மா பயங்காட்டத்தான் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

போதாததற்கு அந்த மாத்திரையால் என் முகம் பணியாரமாக உப்பிவிட்டது. "என்னப்பா, மாமியார் வீட்டு விருந்தா?" என்று அலுவலகத்தில் ஒரே கேலி. எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். வீடு திரும்பி இரண்டு மண்டலம் முடிந்த அன்று என் மனைவி நாள்காட்டியைக் காட்டினாள்.

"நல்லாத்தானே இருக்கீக? இன்னும் எதுக்கு இந்தச் சூட்டு மருந்து? நாளைக்குச் சனிக்கிழமை. பத்தியத்தை முறிச்சிருவோம்."

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் சொல்லாவிட்டால் நானே சொல்லியிருப்பேன். மறுநாள் எண்ணெய்க் குளியல், கருவாட்டுக் குழம்பு. ஆகா, அந்த ருசி! மாத்திரை டப்பா பரணுக்குப் போனது.

ஒன்பதாம் நாள் அக்கா முருங்கைக்காய்க் கட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். உட்காரும் முன்பே என் காலைப் பார்த்தாள்.

"என்னடா கால் இப்படி வீங்கிக் கெடக்கு? மாத்திரை திங்கிறியா இல்லையா?"

"பத்தியம் முறிச்சாச்சுக்கா. ரெண்டு மண்டலம் ஆயிருச்சு."

"அடப் பாவி! ஆயுசுக்கும்னு அந்த டாக்டர் சொன்னது எனக்குக் கேட்டுச்சே, உனக்குக் கேக்கலையா? நான் என்ன ரெண்டு மண்டலத்துக்கா குடுத்தேன்?"

 காய்ச்சல் அடிப்பதையும், இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாகப் போகாததையும் அப்போதுதான் சொன்னேன். கட்டியிருந்த சேலையோடு அக்கா அன்றைக்கே என்னை ரயிலேற்றினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. திட்டிக்கொண்டே ஊசியும் போட்டார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். "மூணு நாள் பார்ப்போம். அதுக்குள்ள வேலை செய்ய ஆரம்பிச்சா உண்டு" என்றார். நான் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து அக்கா அவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டரய்யா, இது போயிருச்சுன்னா... எங்கிட்ட இன்னொண்ணு இருக்குல்ல?"

"அதையும் எடுத்தா நீங்க பிழைக்க மாட்டீங்கம்மா."

"அது தெரிஞ்சுதான்யா கேக்குறேன்."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். போர்வைக்குள் நான் அழுத அழுகை யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் மாலையில் சிறுநீர் இறங்கியது. நர்ஸ் கொண்டுபோன அந்தப் பாத்திரத்தைப் பார்த்து அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அக்காவைக் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வேளை மாத்திரைகூட விட்டதில்லை. விட்டால் அக்கா மறுபடியும் அந்த மேஜையில் போய்ப் படுத்துவிடுவாள்.