விமானத்தில் வந்த சாமி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் தப்பு மேளம் முழங்கினால் போதும், அத்தைக்குச் சாமி வந்துவிடும். மற்ற நாட்களில் கொழுந்துக் கூடையும் சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோயுமாகத் திரிபவள், அன்று மட்டும் மாரியம்மனாகிக் கங்காணியையே 'வாடா போடா' என்று அதட்டுவாள். அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போனபின் என்னை வளர்த்தவள் அவள்தான். அம்மா நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டு, அத்தையும் அப்பாவும் நானும் பொகவந்தலாவையில் பஸ் ஏறிக் கொழும்பில் திருச்சி விமானம் பிடித்தோம்.

சாமி முகம் பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான் என்று அத்தை விரதம். ஆனால் சீனிக்குப் போடும் காலை ஊசியை மறக்காமல் போட்டுக்கொண்டாள். மருந்து விஷயத்தில் அவள் அவ்வளவு ஒழுங்கு!

விமானம் மேலேறிச் சற்று நேரத்தில் அத்தையின் உடம்பு நடுங்கியது. முகமெல்லாம் வியர்வை. கண்கள் எங்கோ நிலைத்திருக்க, வாய் என்னவோ முணுமுணுத்தது. எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆத்தா எல்லைக்கே வந்து அழைக்கிறாள் என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் சமயத்தை விடுவேனா? "ஆத்தா, எங்கம்மா எப்ப வருவாங்க?" என்று அவள் காதோரம் கேட்டேன். மறுபடியும் கேட்டேன்.

விமானப் பணிப்பெண் ஒருவர் ஓடிவந்தார்.

"தொடாதீங்க மிஸ், சாமி வந்திருக்கு" என்றார் அப்பா.

"சரிங்க ஐயா. இவங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கா? காலையில என்ன சாப்பிட்டாங்க?" அவர் பேசியதும் எங்கள் பக்கத்துப் பேச்சேதான்.

"ஊசி போட்டாங்க. சாப்பாடு இல்லைங்க, விரதம்" என்றார் அப்பா.

பணிப்பெண்ணின் முகம் மாறிவிட்டது. டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள், யாரும் எழவில்லை. இன்னொரு பணிப்பெண் சீனி கலந்த தோடம்பழ ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்தார். அத்தை அதைத் தட்டிவிட்டாள். ஆத்தாவுக்கு வேண்டாமாம் என்றார் அப்பா.

முதலில் வந்தவர் அப்பாவோடு வாதாடவில்லை. நடைபாதையில் மண்டியிட்டு, அத்தையின் முன் கைகூப்பினார். "ஆத்தா, தூரத்துலேருந்து களைச்சு வந்திருக்கீங்க. பானகம் கொண்டாந்திருக்கேன். இந்தப் புள்ளைக்காக ஒரு வாய் குடிங்க."

அத்தை அவரையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். ஒவ்வொரு மிடறாக ஊட்டினார்கள். ஒரு குவளை முடிந்து இன்னொன்று வந்தது. மெல்ல நடுக்கம் நின்றது. "ஏன் எல்லாரும் என்னையே பாக்குறாங்க?" என்று அத்தை வெட்கத்தோடு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். இறங்கும்வரை அந்தப் பணிப்பெண் அவள் கையை விடவில்லை.

திருச்சியில் காத்திருந்த டாக்டர் அத்தையைச் சோதித்துவிட்டு அப்பாவிடம் என்னவோ சொன்னார். அப்பா அழுதுகொண்டே அந்தப் பணிப்பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்கோ அவர்மேல் அடங்காத கோபம். சாமி பதில் சொல்லுமுன் பானகத்தைக் கொடுத்து மலையேற்றிவிட்டாரே! அவர் நீட்டிய டொபியைக்கூட வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா எப்போது வருவாள் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது உடம்பில் சீனி இறங்கி அத்தை என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள் என்பதும், அவளைத்தான் அவர் மண்டியிட்டுத் திரும்ப அழைத்தார் என்பதும் அன்று எனக்குத் தெரியவில்லை.